ஆசானின் சொற்களைச் சுமந்தவர்

அறிவைத் தேடிப் பெறுவது ஒரு பேறு; பெற்றதைப் பழுதின்றிப் பிறர் கையில் சேர்ப்பது ஒரு கடன். முன்னதில் நாட்டம் உடையோர் பலர். பின்னதை நிறைவேற்றுவோர் சிலரே. அச்சிலருள் ஒருவர், சீன நாட்டின் பழங்கவிதை ஆய்வில் நூறாண்டு வாழ்வையும் செலவிட்ட யே ஜியாயிங் அம்மையார்.

1924ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் மஞ்சு மரபினர் குடும்பத்தில் பிறந்த அவருக்கு, பழம்பாடல்களை இசையோடு ஓதும் வழக்கம் வீட்டிலேயே வாய்த்தது. 1937இல் ஜப்பானியர் படை நகரைக் கைப்பற்றியது. தந்தை தொலைவில் பிரிந்திருந்த காலத்தில், 1941இல் அன்னையும் மறைந்தார். அவ்வாண்டே ஃபூ ரென் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அம்மாணவிக்கு அங்கே வாய்த்த ஆசான் கூ சுய். 1945இல் பட்டம் பெற்ற பின்னரும், தாம் ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே அவ்வாசானின் வகுப்புகளுக்குச் சென்று, அவர் உரைத்தவற்றை ஏடுகளில் எழுதி வைத்தார்.

1948இல் மணம் முடித்துத் தைவான் தீவுக்குச் சென்றார். மறு ஆண்டின் இறுதியில் அரசியல் ஐயத்தின் பேரில் கணவர் சிறைப்பட்டார். 1950இல் பச்சிளங் குழந்தையோடு அம்மையாரும் காவலில் வைக்கப்பட்டார். விடுதலை கிடைத்தபோது குடியிருக்க வீடில்லை. உறவினர் இல்லத்து நடைவழியில் இரவில் பாய் விரித்துக் குழந்தையோடு படுத்துறங்கிய நாள்களும் உண்டு. கணவர் திரும்பி வர மூன்று ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. வீடும் பொருளும் போயின; ஏடுகள் மட்டும் போகவில்லை.

அவர் ஆழ்ந்து ஆய்ந்த துறை, சுங் பேரரசுக் காலத்தில் (960–1279) செழித்த 'த்ஸு' என்னும் இசைப்பா. மெட்டு முன்னே நிற்கும். சொல் அதற்கு இயைய வந்து அமரும். விருந்துகளில் பாடுமகளிர் பாடுவதற்கென எழுந்தமையால், சான்றோர் பலர் இதனை எளிய வகையாகவே எண்ணினர். அம்மையாரோ அதன் மென்மைக்குள் ஓர் உறுதியைக் கண்டார். வெளிப்படையாகச் சொல்ல இயலாத நெருக்கடியில் அடங்கி நின்றும், தன் நெறியை விடாது காப்பவனின் குரல் அதில் ஒலிக்கிறது என்றார். அதனை 'மெலிந்தோர் அறத்தின் அழகு' என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஏட்டறிவு மட்டும் தந்த முடிபாக இது நமக்குத் தோன்றவில்லை.

1969இல் கனடாவின் வான்கூவர் நகரில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். ஆங்கிலத்தில் பாடம் நடத்த வேண்டியிருந்தது. நள்ளிரவு கடந்தும் அகராதியைப் புரட்டி, மறுநாள் பாடத்தை ஆயத்தம் செய்வார். 1976இல் மூத்த மகளும் மருமகனும் வாகன விபத்தில் ஒருங்கே மாண்டனர். கதவடைத்துக் கொண்டு இரங்கற் பாக்கள் எழுதினார் அத்தாய். கவிதை, வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு என்பார்க்கு இதனினும் வேறு மறுமொழி தேவையில்லை.

அத்துயருக்குப் பின் தாயகத்து மாணாக்கர்க்கே எஞ்சிய நாளை அளிப்பதென உறுதி பூண்டார். 1979 முதல் அங்குச் சென்று கற்பித்தார். தியான்ஜின் நகர நான்கை பல்கலைக்கழகத்தில் கூட்டம் பெருகவே, அனுமதிச் சீட்டு வழங்கினர். போலிச் சீட்டுச் செய்தும் மாணவர் உள்ளே நுழைந்தனர்! கல்வியின்பால் இத்தகைய வேட்கையைக் காண எந்த ஆசிரியர்தாம் விழையார்?

ஆயின் ஆசான் கூ சுய் 1960இலேயே மறைந்துவிட்டிருந்தார். தம் ஆய்வுகளை அவர் திருமுன் வைக்கும் ஆசை நிறைவேறவில்லை. எனினும், அத்தனை அலைச்சலிலும் காத்த ஏடுகளை ஆசானின் மகளார் கையில் ஒப்படைத்தார் அம்மையார். அவற்றினின்று தொகுத்தவை 1986இல் அச்சேறின. வகுப்பறைக் காற்றோடு கலந்து போயிருக்க வேண்டிய சொற்கள், நாற்பதாண்டுகள் கழித்து நூலாயின. தம் சொல்லைத் திருப்பிச் சொல்வதோடு நில்லாது, தமக்கென ஒரு வழி காண வேண்டும் என்பதே மாணவியிடம் அவ்வாசான் விரும்பியது. அம்மையார் இரண்டையும் செய்தார்.

2018, 2019 ஆகிய ஆண்டுகளில், தம் உடைமைகளை விற்றும் சேர்த்தும் மூன்றரைக் கோடி யுவானுக்கு மேல் நான்கை பல்கலைக்கழகத்துக்கு ஈந்தார். தொண்ணூறு வயதைக் கடந்தும் நின்றுகொண்டே பாடம் நடத்தியவர், 2024 நவம்பர் 24ஆம் நாள் கண்மூடினார்.

பாடம் சொல்லும் தொழிலில் நரைத்த நாம் நம்மையே வினவிக்கொள்கிறோம்: நம் ஆசான்மார் நம் செவியில் இட்டுச் சென்ற அமானிதங்களில் எத்தனையை எழுதி வைத்தோம்? எத்தனையை உரியவரிடம் சேர்த்தோம்?