80 ஆண்டுகள் காய்க்காத செடி: அவுகுபாவின் கதை

ஒரு செடி ஊர் முழுக்க வளர்கிறது. இலைகள் செழிப்பாக இருக்கின்றன, பூவும் பூக்கிறது. ஆனால் ஒரு பழம்கூடப் பிடிப்பதில்லை. ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, ஏறத்தாழ 80 வருடம்! இது நடந்தது இங்கிலாந்தில். செடியின் பெயர் அவுகுபா ஜப்போனிகா.

ஜப்பான் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளரும் புதர்ச்செடி இது. ஆள் உயரத்துக்கு மேல், 2 முதல் 3 மீட்டர் வரை வளரும். குளிர்காலத்திலும் இலை உதிராது. ஜப்பானியர்கள் இதை 'ஆவோகி' என்கிறார்கள். 'பச்சை மரம்' என்று பொருள். 1775-76இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக ஜப்பானில் இருந்த ஸ்வீடன் நாட்டுத் தாவர அறிஞர் துன்பெர்க், அந்த ஜப்பானியப் பெயரை ஒட்டியே அறிவியல் பெயரையும் வைத்தார்.

இங்கிலாந்துக்கு வந்த கதை

1783இல் ஜான் கிரேஃபர் என்ற தோட்டக் கலைஞர் இதை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தார். வந்தது பச்சை இலையில் மஞ்சள் புள்ளிகள் தெளித்த வகை. முதலில் குளிர் தாங்காது என்று பயந்து, சூடேற்றிய கண்ணாடி வீட்டுக்குள் வைத்து வளர்த்தார்கள். பிறகுதான் வெளியிலும் நன்றாகவே வளரும் என்று தெரிந்தது.

அது தொழிற்புரட்சிக் காலம். லண்டன் முழுக்க நிலக்கரிப் புகை. பல செடிகள் அந்தப் புகையில் வாடிப்போயின. அவுகுபா மட்டும் கரி படிந்த காற்றையும், வெயில் படாத மூலையையும் தாங்கி நின்றது. தண்டை வெட்டி நட்டாலே வேர் பிடித்துவிடும் என்பதால் நர்சரிக்காரர்களுக்குச் செலவும் குறைவு. விற்பனை சூடு பிடித்தது.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. நம் ஊர்ப் பனையில் ஆண் பனை, பெண் பனை என்று தனித்தனியாக இருப்பது போல அவுகுபாவிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது பெண் செடி. தண்டை வெட்டி நட்டால் தாய்ச்செடியின் அச்சு அசல் நகல்தானே கிடைக்கும்? ஆக, பெருகியதெல்லாம் பெண் செடிகளே. மகரந்தம் தர ஓர் ஆண் செடிகூட இல்லை!

ஆண் செடியைத் தேடி

ஜப்பானிலிருந்து ஓர் ஆண் செடியைக் கொண்டு வரலாமே என்று கேட்கலாம். ஆனால் அன்றைய ஜப்பான் வெளிநாட்டவருக்குக் கதவை அடைத்திருந்தது. டச்சு வணிகர்கள்கூட நாகசாகி அருகே டெஜிமா என்ற சிறு தீவைத் தாண்டி எளிதில் போக முடியாது. 1850களில் ஒப்பந்தங்கள் வந்த பிறகுதான் கதவு திறந்தது. 1859இல் யோகோஹாமா துறைமுகம் வணிகத்துக்குத் திறக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே ராபர்ட் ஃபார்ச்சூன் அங்கே போய்ச் சேர்ந்தார். சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளை ரகசியமாக எடுத்து வந்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இமயமலைச் சரிவுகளில் தேயிலை வளர வழி செய்த அதே ஃபார்ச்சூன்தான்! ஜப்பான் பயணத்தில் அவர் குறிப்பாகத் தேடியது ஆண் அவுகுபாவை. கடைசியில் அது கிடைத்தது காட்டில் அல்ல. யோகோஹாமாவில் வசித்த அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஹால் என்பவரின் தோட்டத்தில்!

அந்தச் செடி சர்ரே மாவட்டத்தின் பாக்ஷாட்டில் இருந்த ஸ்டாண்டிஷ் நர்சரிக்குப் போனது. லண்டன் சதுக்கங்களின் அவுகுபாக்கள் எல்லாம் குளிர்காலத்தில் சிவப்புப் பழங்களோடு நின்றால், அதற்காகவே ஜப்பான் வரை போய் வரலாம் என்ற கருத்தை 1863இல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதினார் ஃபார்ச்சூன். அவர் வாக்கு பொய்க்கவில்லை. 1864இல் லண்டன் கென்சிங்டன் கண்காட்சியில் பழம் நிறைந்த அவுகுபா வைக்கப்பட்டது. பார்த்தவர்கள் அசந்து போனார்கள்.

வளர்க்கும் முறை

குளிர்ச்சியான ஊர்களுக்கு ஏற்ற செடி இது. நேரடி வெயில் பட்டால் இலை கருகும். பெரிய மரத்தடியிலும் வளரும். ஆனால் வேரடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் தளிர்கள் கறுத்துவிடும். வசந்த காலத் தொடக்கத்தில் கத்தரித்துவிட்டால் புதர் அடர்த்தியாகும். பழம் வேண்டுமென்றால் பெண் செடிகளுக்கு அருகில் ஓர் ஆண் செடி கட்டாயம் வேண்டும். பழம் பார்க்க அழகுதான், ஆனால் சாப்பிடக் கூடாது. வயிற்றைக் கெடுக்கும்.

அதிகம் விற்றது, மலிவாகக் கிடைத்தது, எளிதாகப் பெருகியது. ஆனாலும் ஒரே செடியின் நகல்களாக இருந்ததால், எத்தனை ஆயிரம் செடிகள் இருந்தும் ஒரு விதைகூட உருவாகவில்லை. எண்ணிக்கை பெருகுவது வேறு, இனம் பெருகுவது வேறு என்பதற்கு அவுகுபாவின் அந்த 80 ஆண்டுகளே சாட்சி.