வழிச்சகுனம் சொல்லும் வழிப்போக்கன்

மொரப்பூர் ரயில் நிலையத்தில் இரவு வண்டியை எதிர்நோக்கி உட்கார்ந்திருக்கும் பிரயாணி, தலைக்கு மேலே விளக்கையொட்டிப் பூச்சி பிடிக்கும் பல்லி திடீரென்று ஒலித்தால், தாம் பேசிக்கொண்டிருந்த காரியத்தை அது ஆமோதித்துவிட்டதாக எண்ணி மகிழ்வதும், ஒலி வந்த திக்கு சரியில்லையென்று மனம் கலங்குவதும் இன்றைக்கும் உண்டு. இந்த வழக்கத்தின் வேர் சங்ககாலம்வரை ஓடுகிறது. சுரம் கடந்து சென்ற தலைவன் திரும்புவானா என்று ஏங்கும் தலைவி பல்லியின் குரலுக்குக் காதுகொடுப்பதை அகநானூற்றில் காண்கிறோம். தினைப்புனத்தில் நுழைய வந்த காட்டுப்பன்றிகூடப் பல்லி ஒலித்ததைக் கேட்டு மெல்லப் பின்வாங்குவதாக நற்றிணைப் புலவரொருவர் பாடியிருக்கிறார். பின்னர் இது கௌளி சாஸ்திரமாக விரிந்து, பல்லி உடம்பில் விழும் பலனாகப் பஞ்சாங்கத்தில் ஏறி, காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் பொன்னும் வெள்ளியுமான பல்லிகளைத் தொட்டு வணங்கும் ஐதிகமாகவும் நிலைபெற்றது. பல்லி நம்மீது எங்கே விழுகிறது, எத்திசையிலிருந்து ஒலிக்கிறது என்று நுணுகி ஆராய்ந்த நம் முன்னோர், அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க முனைந்ததாகத் தெரியவில்லை.

பிறருடைய யாத்திரைக்குப் பலன் சொல்லும் இப்பிராணி தானும் பெரியதோர் யாத்ரீகன். வீட்டுப் பல்லி இரண்டிரண்டாக இடும் கெட்டி ஓட்டு முட்டை வறட்சியைத் தாங்கும். சரக்கு மூட்டை, மரப்பெட்டி, கப்பலின் இடுக்கு ஆகிய எல்லாம் அதற்கு வாகனம். பஞ்சகாலத்தில் தானியம் கொண்டு சேர்க்க உதவுமென்று 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இடப்பட்டு, 1913-ல் ஓசூர்வரை நீண்டு, 1941-ல் மூடப்பட்ட இரண்டரை அடி அகலக் குறுகிய ரயில்பாதையைப் போன்றவை, மனிதர் கருதாத இத்தகைய பிரயாணிகளுக்கும் ஏற்ற வழிகளே. ஆனால் மூட்டைக் கணக்கெழுதும் குமாஸ்தாவின் ஏட்டில் பல்லிக்கு இடமேது?

அந்தச் சின்ன ரயில் ஓடத் தொடங்குவதற்கு இரண்டாண்டு முன்பு, 1904-ல், இலங்கையில் பல்லியின் அந்தரங்கம் வெளிப்படலாயிற்று. கொழும்பு நூதனசாலையின் தலைவராயிருந்த ஆர்தர் வில்லியும், இத்தாலிய வைத்தியரான அல்டோ காஸ்டெல்லானியும், புதுச்சேரியில் தாவரம் திரட்டிய பிரெஞ்சு அறிஞர் லெஷெனோவின் பெயர் தாங்கிய பல்லியினத்தின் இரத்தத்தில், மலேரியாக் கிருமியின் சுற்றத்தைச் சேர்ந்த ஓர் ஒட்டுண்ணியைக் கண்டு வருணித்தார்கள். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டு அப்போது ஏழாண்டே ஆகியிருந்தமையால், எந்தப் பிராணியின் இரத்தத்தையும் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் ஆவல் அறிஞரிடையே மிகுந்திருந்த காலம் அது. 1908-ல் மியூரியல் ராபர்ட்ஸன் என்னும் பெண்மணி இலங்கைப் பல்லிகளின் இரத்தத்தில் நெளியும் சாட்டையுயிரிகளை விவரித்தார். பின்னாளில் உகாண்டாவில் உறக்கநோய்க் கிருமியின் வாழ்க்கையை ஆராய்ந்து புகழ்பெற்றவரும் இவரே.

இவை எல்லாவற்றினும் விசித்திரமானது பல்லியின் நுரையீரலில் வாழும் நாக்குப்புழு. வாயைச் சுற்றியுள்ள நான்கு கொக்கிகளால் திசுவைப் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கும் இதைப் புழுவென்று வழங்கினாலும், உறவுமுறையில் இது இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி என்பதே பிற்கால ஆராய்ச்சியின் தீர்ப்பு. இதன் முட்டை பல்லியின் எச்சத்தோடு வெளிவர, அந்த எச்சத்தைத் தின்னும் கரப்பான் பூச்சியின் உடலில் குஞ்சு வளர, அந்தக் கரப்பானைப் பல்லி விழுங்க, வட்டம் முழுமை பெறுகிறது. நாக்குப்புழு இனமொன்றுக்குப் பூச்சியே இடைவீடாக இருப்பதை 1966-ல் லவ்வாப்பியேர் என்னும் பெயர்கொண்ட ஆராய்ச்சியாளர் இருவர் எடுத்துக்காட்டினார்கள்.

பல்லி ஊர் விட்டு ஊர் போனபோது இந்த உள்வாசியும் கூடவே போயிற்று. ஆஸ்திரேலியாவின் வடகரையில் குடியேறிய ஆசிய வீட்டுப் பல்லி கொண்டுசென்ற நாக்குப்புழு, 1935-ல் அந்நாட்டுக்குக் கரும்புத் தோட்டத்து வண்டை ஒழிக்கவென்று கொண்டுவரப்பட்ட தேரையின் நுரையீரலிலும் இப்போது காணப்படுகிறது. அழையாமல் வந்த விருந்தாளி, அழைத்து வந்த விருந்தாளியின் உடம்பில் குடிபுகுந்த கதை இது.

பல்லி விழுந்த பாலை விஷமென்று கொட்டிவிடும் நம் இல்லத்து வழக்கத்துக்கும் இங்கே ஒரு நியாயம் கிட்டுகிறது. பல்லிக்கு விஷமில்லை, ஆயினும் அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடுமாதலால், காரணம் பிழையென்றாலும் காரியம் பிழையன்று.

மொரப்பூர் நிலையத்தில் வண்டி வரும் ஓசை கேட்கிறது. சகுனம் நன்றென்று தேறிய பிரயாணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுகிறார். அவர் விட்டுச்சென்ற பெஞ்சியின் மேலே, சுவரோரம் ஊர்ந்த சின்னக் கரப்பானைப் பல்லி கவ்வி விழுங்குகிறது. அந்த ஒரு வாயில் வேறொரு பிரயாணம் தொடங்கியிருக்கக்கூடும். அதற்கு நாளும் நட்சத்திரமும் பார்த்துச் சொல்லும் பஞ்சாங்கம் எதுவுமில்லை.