மன்றோ துரையும் ஆயா சொன்ன பொங்கலும்

எங்க ஆயாவுக்குச் சொந்த ஊர் சித்தூர். சின்ன வயசுல திருப்பதிக்குப் போகும்போதெல்லாம் ஒரு கதை சொல்லும். தீராத வயித்துவலியில கிடந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, பெருமாள் பிரசாதப் பொங்கல் சாப்பிட்டுக் குணமாயிட்டாராம். அதுக்கு நன்றியா அவர் செய்த ஏற்பாட்டுலதான் 'மன்றோ கங்காளம்'ங்கற பெரிய பாத்திரத்துல சாமிக்குப் பொங்கல் படைக்கிறாங்களாம்.

பிழைப்புக்காக கிளாஸ்கோ வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தத் துரை பிறந்ததே இந்த ஊர்தான் என்று! தாமஸ் மன்றோ, 1761. அப்பா புகையிலை வியாபாரி. அமெரிக்க சுதந்திரப் போரில் வியாபாரம் நொடித்துப் போக, பையன் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து 1780 ஜனவரியில் மெட்ராஸில் வந்து இறங்கினார். வயசு 18. நம்மைப் போலவே குடும்பக் கஷ்டத்துக்குக் கப்பலேறிய கேஸ்தான் :-)

வந்த வருஷமே ஹைதர் அலியோடு சண்டை. (அந்த ஹைதர் 1782 டிசம்பரில் இறந்தது சித்தூர் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டையில்.) முதல் மூணு வருஷம் புஸ்தகமும் தோட்டாப் பையும்தான் தலையணை என்று தங்கைக்கு எழுதியிருக்கிறார். பிறகு பாரமகால், கனரா, 1800 முதல் கடப்பை, பெல்லாரி உள்ளிட்ட ஜில்லாக்களில் வரி நிர்வாகம். இடைத்தரகர் இல்லாமல் ஒவ்வொரு விவசாயியோடும் நேரடியாக வரி பேசும் ரயத்துவாரி முறை வேரூன்றியது ரீடு, மன்றோ இருவராலும்தான்.

இங்கே ஒரு விஷயம். மன்றோவைச் சித்தூர் கலெக்டர் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அன்றைக்குச் சித்தூரும் திருப்பதியும் வடஆற்காட்டில் இருந்தன. சித்தூர் தனி மாவட்டமானது 1911ல்தான். 1820ல் மெட்ராஸ் கவர்னரான பிறகே இவை அவர் ஆளுகைக்குள் வந்தன.

ஆயா கதையில் வராத இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் காலத்தில் திருமலைக் கோயில் வருமானம் கம்பெனி கஜானாவுக்குப் போனது. 1843ல்தான் நிர்வாகத்தை ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தார்கள். மன்றோ பாளையக்காரர்களை அடக்கியவர்; அவர் காலத்து வரியும் விளைச்சலில் ஏறக்குறைய பாதி. ஆனால் அந்த வரியை நாலில் ஒரு பங்கு குறைக்கச் சொல்லி 1807ல் எழுதியவரும் அவரே. கம்பெனி கேட்கவில்லை. கவர்னரானதும் தானே குறைத்தார். இந்தியர்களுக்குப் பெரிய உத்தியோகங்கள் தராமல் ஆள்வது அவர்களைத் தாழ்த்துவது என்று 1824ல் எழுதி வைத்தார். சனங்கள் பிள்ளைகளுக்கு 'மன்றோலப்பா' என்று பேர் வைத்தது சும்மா இல்லை.

28 வருஷம் கழித்து 1808ல் ஊர் திரும்பியவர், சின்ன வயசில் விளையாடிய கெல்வின் ஆற்றங்கரைக்கு வந்து, கொட்டும் மழையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அணையில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். நான் தினம் வேலைக்கு நடந்து போவதும் அந்த ஆற்றங்கரை வழியாகத்தான்.

ஆனாலும் இங்கே அவருக்கு ஒட்டவில்லை. திரும்பவும் நம்ம பக்கமே போனார். 1827ல் பதவியை விட்டு ஊர் திரும்ப வேண்டிய நேரம். பழைய ஜில்லா சனங்களிடம் ஒரு தடவை சொல்லிக்கொண்டு வருவோம் என்று கிளம்பியவர், ஜூலை 6ம் தேதி பத்திகொண்டாவில் காலராவில் போய்ச் சேர்ந்தார். இப்போது மவுண்ட் ரோட்டில் அங்கவடி இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார்.

"எப்படா வர்றே?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் "அடுத்த வருஷம்பா" என்று சொல்லியே ஆறு வருஷம் ஓடிவிட்டது. ஆயா போனபோதும் போகமுடியவில்லை.

நேற்று டிக்கெட் போட்டுவிட்டேன். இந்தத் தடவை அப்பாவோடு திருப்பதி. பொங்கல் கிடைத்தால் ஆயா பேரைச் சொல்லிச் சாப்பிடணும்.