தடுப்பூசி போட்ட பிறகு கை, கால் செயலிழக்குமா? எந்த அறிகுறி வந்தால் உஷாராகணும்?

2020 அக்டோபர் 1. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் நடந்த கோவிஷீல்டு பரிசோதனையில், 40 வயது தன்னார்வலர் ஒருவர் ஊசி போட்டுக்கொண்டார். சுமார் பத்து நாளில் கடுமையான தலைவலி தொடங்கி, மூளையின் செயல்பாடே பாதிக்கப்பட்டதாகக் கூறிய அவர், ரூ.5 கோடி இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். ஊசிக்கும் பாதிப்புக்கும் சம்பந்தமில்லை என தயாரிப்பு நிறுவனமான சீரம் மறுத்தது. பரிசோதனையை நிறுத்த அவசியமில்லை என்றது மத்திய அரசு. 2021-ல் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது.

அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். தடுப்பூசியால் நரம்பு பாதிப்பு வருமா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. வரலாம், ஆனால் மிக மிக அரிது என்பதே பதில். விரிவாகப் பார்க்கலாம்.

*உடம்புக்குள் என்ன நடக்கிறது?*

கிருமியை அடையாளம் காண உடலுக்குச் சொல்லித் தருவதுதான் தடுப்பூசி. அபூர்வமாக, நோய் எதிர்ப்பு சக்தி ஆள் மாறி, சொந்த நரம்பையே தாக்கிவிடும். பெரும்பாலும் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் என்ற உறைதான் அடிவாங்கும். மின்சார ஒயரின் மேலுறை உரிந்தால் எப்படியோ, அப்படித்தான்.

கை, கால் நரம்பு தாக்கப்பட்டால் அது கில்லன் பாரே சின்ட்ரோம், சுருக்கமாக ஜிபிஎஸ். மூளையும் தண்டுவடமும் தாக்கப்பட்டால் ஏடிஇஎம்.

*குன்னூர் சொல்லும் பாடம்*

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆட்டு மூளைத் திசுவில் தயாரான அந்த மருந்தை, நீலகிரி மாவட்டம் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனமும் தயாரித்தது. அதில் மயலினும் கலந்திருந்ததால், சிலருக்கு மூளை அழற்சியும் வாதமும் வந்தன. 2004-ம் ஆண்டு இறுதியோடு இந்தியாவில் அந்த மருந்து தயாரிப்பு நின்றது. இப்போது போடும் ரேபிஸ் ஊசியில் மூளைத் திசு கிடையாது.

*‘ஊசிக்குப் பிறகு’ வேறு, ‘ஊசியால்’ வேறு*

உலக அளவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு ஜிபிஎஸ் வருகிறது. அந்தக் கணக்குப்படி, 10 லட்சம் பேருக்கு ஊசியே போடாவிட்டாலும் ஆறு வாரத்தில் ஒன்றிரண்டு பேர் பாதிக்கப்படுவார்கள். எனவே எண்ணிக்கை வழக்கத்தைவிட கூடுகிறதா என்பதையே நிபுணர்கள் பார்ப்பார்கள்.

2021-ல் கேரளாவில் அப்படிக் கூடியது. மூன்று மாவட்டங்களில் சுமார் 12 லட்சம் பேர் கோவிஷீல்டு போட்ட நிலையில், இரண்டு வாரத்துக்குள் 7 பேருக்கு ஜிபிஎஸ் வந்ததை டாக்டர்கள் பதிவு செய்தனர். அதே ஆண்டு ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பும், அஸ்ட்ராஜெனகா ஊசியின் மிக அரிதான பக்கவிளைவாக ஜிபிஎஸ்ஸைச் சேர்த்தது.

நோயால் வரும் ஆபத்து அதைவிட அதிகம். இங்கிலாந்து ஆய்வில், அஸ்ட்ராஜெனகா முதல் டோஸுக்குப் பிறகு ஒரு கோடி பேரில் கூடுதலாக 38 பேருக்கு ஜிபிஎஸ் வந்தது. கொரோனா தொற்றியவர்களிலோ, ஒரு கோடிக்கு 145 பேர்.

*எப்போது உஷாராகணும்?*

காய்ச்சல், உடம்பு வலி, ஊசி போட்ட இடத்துல வீக்கம் எல்லாம் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் இவை வந்தால் தள்ளிப்போடாதீங்க:

• பாதத்தில் மதமதப்பு தொடங்கி, பலவீனம் மேலே ஏறுவது
• படி ஏற முடியாமல் போவது, கால் துவள்வது
• முகம் கோணுவது, பார்வை இரண்டாகத் தெரிவது
• விழுங்க, மூச்சுவிட சிரமம்
• சிறுநீர் கழிக்க முடியாமல் போவது
• குழப்பம், வலிப்பு, அளவுக்கு மீறிய தூக்கம்

*எங்கே போவது?*

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதி மக்கள், ‘மின்சார ரயில்ல கூட்டிட்டுப் போயிடலாம்’ என்று யோசிக்க வேண்டாம். ஜிபிஎஸ் சுவாசத் தசையைப் பாதித்தால் சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகலாம். 108-ஐ அழையுங்கள். நரம்பியல் பிரிவும் வென்டிலேட்டரும் உள்ள மருத்துவமனைதான் தேவை. பெரியவர்களுக்கு சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, சின்னப் பிள்ளைகளுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கின்றன.

ஜிபிஎஸ்ஸுக்கு இம்யூனோகுளோபுலின் மருந்து அல்லது பிளாஸ்மா மாற்று சிகிச்சை தருவார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ஏடிஇஎம்முக்கு ஸ்டீராய்டு கைகொடுக்கும், ஜிபிஎஸ்ஸுக்கு அது உதவாது. அதனால் மெடிக்கலில் தானாக மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. பெரும்பாலானவர்கள் மீண்டும் நடக்கிறார்கள், ஆனால் மாதக்கணக்கில் பிசியோதெரபி தேவைப்படலாம்.

*புகார் பதிவு செய்வது எப்படி?*

எந்த ஊசி, எந்தத் தேதி, எந்த பேட்ச் எண் என்ற விவரத்தை டாக்டரிடம் காட்டுங்கள். ஊசி போட்ட ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தகவல் சொல்லுங்கள். பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் உள்ளது. காரணம் ஊசியா, இல்லையா என்பதை நிபுணர் குழு ஆராயும். பதிவு செய்யாத பாதிப்பு எந்தக் கணக்கிலும் வராது.

ஏற்கெனவே ஜிபிஎஸ் வந்தவர்கள், அடுத்த ஊசிக்கு முன் நரம்பியல் டாக்டரிடம் கேட்டு முடிவு எடுப்பது நல்லது. மற்றவர்கள் பயந்து பிள்ளைகளின் தடுப்பூசியைத் தவிர்க்கத் தேவையில்லை.