திரையிற் காணாத துயர்

1942ஆம் ஆண்டு பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின், 'கெம்பித்தாய்' எனும் யப்பானிய இராணுவப் பொலிஸ் மலாயா மக்களுக்குப் பேரச்சமாயிற்று. உளவாளரின் சொல்லே சான்று, சித்திரவதையே விசாரணை. மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தவர் பலர் கடமையாற்றிய காலமாதலின், இஃது அயலார் கதையன்று.

அப்பொலிசின் கை, 1942–43இல் அமைக்கப்பட்ட சயாம்–பர்மாப் புகையிரதப் பாதையின் முகாம்கள்வரை நீண்டது. அப்பாதையைப் பொருளாகக் கொண்டு 1957இல் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' எனும் ஆங்கிலப் படம், இலங்கையிற் கித்துல்கலையில், களனி கங்கைக் கரையிற் படமாக்கப்பட்டது. ஆயினும் அதன் கதை ஆங்கிலப் படையதிகாரி ஒருவரின் செருக்கைப் பற்றியதே. 2013இல் வந்த 'த ரெயில்வே மேன்', வானொலிப் பெட்டியொன்றின் பொருட்டு வதையுண்ட எரிக் லோமாக்ஸ் எனும் பிரித்தானியக் கைதியின் வாழ்வைக் காட்டிற்று.

அப்பாதையில் மாண்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000. ஆசியத் தொழிலாளரோ 90,000 வரை எனக் கணிப்பர். அவருள் மலாயாத் தோட்டங்களினின்று கொண்டுசெல்லப்பட்ட தமிழர் மிகப்பலர். அவர்தம் துயர் அவ்விரு படங்களுக்கும் பொருளாகவில்லை. காரணம் யாது? லோமாக்ஸ் 1995இல் தம் துயரை நூலாக்கினார். ஆதலின் அது திரையேறிற்று. தோட்டத் தொழிலாளரோ பெரும்பாலும் எழுத்தறியாதவர்.

எழுதப்படாத துயர் திரைக்கு எட்டாது. குடும்பங்களிற் கடிதமாகவும் வாய்மொழியாகவும் எஞ்சியவற்றை ஏட்டிலேற்றுதல் வரலாறு கற்போர் கடனாகும்.