'ஓவர்ஷூட்' என்னும் வினையும் தமிழில் இறத்தற்பொருட் சொற்களும்

ஆங்கிலத்தில் 'ஓவர்ஷூட்' என வழங்கும் வினைச்சொல்லுக்குத் தமிழில் நேராகும் சொல் யாது என்னும் வினா, மொழிபெயர்ப்பில் ஈடுபடுவாரிடையே அடிக்கடி எழுகின்றது. வானூர்தி ஓடுபாதையைக் கடந்தோடுதலும், நாணய மாற்றுவிலை தன் நிலையான அளவுக்கு மேல் ஏறுதலும், மக்கட்டொகை நிலத்தின் தாங்குதிறனை விஞ்சுதலும் ஆங்கிலத்தில் இவ்வொரு சொல்லாலேயே உணர்த்தப்பெறுகின்றன. தமிழாக்குவோர் தாண்டல், மீறல், மிகை, விஞ்சல் என இடந்தோறும் வேறு சொற் பெய்கின்றனர். இதனைத் தமிழின் வறுமை என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது என்பதும், எனினும் பண்டு நம்மிடம் இருந்த ஒரு சொல் கைந்நழுவியதால் இன்று ஓர் இடர்ப்பாடு உண்டென்பதும் யாம் ஈண்டுக் காட்டப் புகுவன.

முதற்கண் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 'ஓவர்' என்பது மேல். 'ஷூட்' என்பது எய்தல். குறிக்கு மேலாகவோ குறிக்கு அப்பாலோ அம்பு சென்று வீழ்தலே இதன் தொல்பொருள். வில்லாளன் வலிமை குறைந்தவன் அல்லன். வலிமையை அளவிட அறியாதவன். பின்னர்த் தன்னைத்தானே செயப்படுபொருளாகக் கொண்டு, பேச்சிலும் செயலிலும் எல்லை கடந்து இடர்ப்படுதலை இவ்வினை குறித்தது. இருபதாம் நூற்றாண்டில் கலைச்சொல்லாகியபோது மற்றொரு கூறு சேர்ந்தது. பொறியியலில் ஓர் அளவு தன் இறுதிநிலையைக் கடந்து சென்று மீண்டு அடங்குதலே ஓவர்ஷூட். ரூடிகர் டார்ன்புஷ் 1976-இல் நாணய மாற்றுவிலை பற்றி எழுதிய கட்டுரையிலும் இக்கருத்தே உண்டு. வில்லியம் கேட்டன் 1980-இல் இச்சொல்லையே தலைப்பாக்கி வெளியிட்ட நூலில், மாந்தரினம் தாங்குதிறனைக் கடந்து பெருகினால் வீழ்ச்சி பின்தொடரும் என்றார். தட்பவெப்ப மாற்றம் பற்றிய நாடுகளிடைக் குழு 2018-இல் அளித்த அறிக்கையில், புவி வெப்பம் 1.5 பாகையைச் சிலகாலம் கடந்து பின் அதற்குக் கீழ் இறங்குதலை இச்சொல்லாற் குறித்தது. எனவே இன்றைய பொருளில் இரு கூறுகள் அடங்கியுள்ளன: நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமை ஒன்று, அதன் பயனாக மீளுதலோ வீழ்தலோ மற்றொன்று.

இனித் தமிழுக்கு வருவோம். மிகுதிப்பொருளைத் தமிழர் தொன்றுதொட்டே நுணுகி ஆய்ந்துள்ளனர். உறு, தவ, நனி என்பவற்றைத் தொல்காப்பியர் உரியியலில் மிகுதிப்பொருளனவாக வகுத்தார். நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலை அடுத்து நிற்பது மிகைபடக் கூறல். குறைவும் மிகையும் அளவு பிழைத்தலின் இருபக்கம் என்னும் கருத்து இவ்வைப்புமுறையிலேயே விளங்கும்.

ஆயின் மிகுதல் வேறு, இறத்தல் வேறு. இதற்குத் தக்க சான்று திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் உள்ளது. அடுத்தடுத்த இரு குறட்பாக்கள் இங்கு நோக்கத்தக்கன. ஒன்று, மெல்லிய மயிற்பீலியே ஆயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது. மற்றொன்று, கிளையின் முனையை எட்டியவன் அதற்கப்பாலும் செல்ல முயன்றால் மாய்வான் என்பது. பீலிக்கு வள்ளுவர் பெய்த வினை மிகுத்தல். கிளைக்குப் பெய்த வினை இறத்தல். முன்னது அளவு பற்றியது. பின்னது எல்லை பற்றியது. பாரம் சிறிது சிறிதாக ஏறுவது. கிளைநுனியோ ஒரே புள்ளி. இவ்விரு வினைகளையும் இடம் மாற்றினால் பொருள் சிதையும். ஆங்கிலச் சொல்லின் இன்றைய பொருளான நில்லாமையும் வீழ்ச்சியும் ஒருங்கே அமைந்தது, கிளைநுனிக் குறட்பாவே என்பது எம் துணிபு.

இறத்தல் என்னும் வினையின் முதற்பொருள் கடந்துசெல்லுதல். சங்கப் பாலைப்பாடல்களில் தலைவன் சுரத்தைக் கடந்தமையைக் கூற இச்சொல் பெருவழக்கு. காலம் மூன்றனுள் கடந்ததை இறப்பு எனத் தொல்காப்பியர் வழங்கினார். இறந்தகாலம் என இன்றும் பள்ளிப்பிள்ளைகள் ஓதுகின்றனர். நன்னூலார் கூறும் உத்திகளுள் இறந்தது விலக்கல் ஒன்று. ஒழுக்க எல்லையைக் கடத்தற்கும் இச்சொல்லே உரியதாயிற்று. பிறனில் விழையாமை அதிகாரத்தில் இல்லிறத்தல் என்னும் பொருளில் வருதல் காண்க. அக்குறட்பாவிலேயே நீங்குதற்பொருளில் இகத்தல் என்னும் வினையும் உடன்வருகின்றது. இகத்தலும் பின்னர் வரம்பு கடத்தலைக் குறித்து, 'வரம்பிகந்த' என்னும் தொடரில் எஞ்சி நிற்கின்றது.

உலகைக் கடந்து செல்லுதல் என்னும் மங்கல வழக்காகச் சாதற்பொருளை ஏற்றபின் இறத்தல் தன் பழம்பொருளைச் சிறிது சிறிதாக இழந்தது. பிணத்தோடு தொடர்புற்ற சொல்லைப் பிறவிடத்து வழங்க மக்கள் நாணினர் போலும். 'அளவிறந்த' என்னும் அடையில் மட்டும் அது பழுதின்றி வாழ்கின்றது.

கடத்தலுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இத்தகையதே. சங்க நூல்களில் நேர்நின்று வெல்லுதலாகிய உயர்பொருளும் இதற்கு உண்டு. அதன் பிறவினைத் தொழிற்பெயரும் கடத்தல் என்றே நிற்றலின், இன்று சுங்கத்துறைச் செய்திகளே முதலில் நினைவுக்கு வருகின்றன.

இங்கு ஒன்று கூறவேண்டும். குறிக்கு அப்பால் அம்பு செல்லுதலைத் தமிழ்ப்புலவர் எஞ்ஞான்றும் குற்றமாகக் கொண்டிலர். கொல்லிமலைக்குரிய வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாக வன்பரணர் பாடினார். புறநானூற்றின் 152-ஆம் பாடல் அது. ஆங்கிலச் சொல் சுட்டும் அம்பு குறியைத் தொடாது கடந்தது. ஓரியின் அம்பு குறியைத் தொட்டுக் கடந்தது. பழிக்கும் புகழுக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவே.

இவ்வேறுபாடு இற்றை வழக்கில் விஞ்சுதல், மீறுதல் என்னும் இரு வினைகளாகப் பிரிந்து நிற்கின்றது. மகன் தந்தையை விஞ்சினான் எனின் புகழ். தந்தை சொல்லை மீறினான் எனின் பழி. விஞ்சுதலும் மிஞ்சுதலும், விழி முழி எனவும் விழுங்கு முழுங்கு எனவும் வருவனபோல ஒன்றன் திரிபாகக் கொள்ளத்தக்கன. ஆயினும் மிஞ்சுதலுக்கு நன்மதிப்பு இல்லை. கெஞ்சினால் மிஞ்சுவான், மிஞ்சினால் கெஞ்சுவான் என்னும் பழமொழியை நோக்குக. மேலும், மிஞ்சுதலுக்கு எஞ்சுதற்பொருளும் உண்டு. வேண்டிய அளவைக் கடந்ததுதானே மிச்சமாகின்றது!

இப்பொருளை ஏட்டில் தேடுவதினும் திருப்பூர்ப் பக்கம் சென்று கேட்டல் நன்று. முதலிபாளையம் திருப்பூரை அடுத்த சிற்றூர். தொழிற்பேட்டையும் பின்னலாடை ஏற்றுமதி வளாகமும் அமைந்தமையால் பெயர்பெற்றது. இங்குத் தைப்போர்க்கு மணிக்கணக்கில் உருப்படி இலக்கு உண்டு. அதனை 'டார்கெட்' என்பர். அதனைக் கடத்தற்கு அவர் வழங்கும் வினை தாண்டுதல். மீறுதல் என்று சொல்லார். வெட்டும்போதே பழுதுக்கு ஈடாகச் சில உருப்படிகளைக் கூடுதலாக வெட்டுவர். அவற்றுள் ஆர்டருக்குப் போக மிஞ்சியவை 'சர்ப்ளஸ்' என்னும் பெயரோடு காதர்பேட்டைக் கடைகளுக்கு வருகின்றன. மிஞ்சுதலின் இரு பொருளும் ஒரே சட்டையில் அமைந்திருத்தலை அங்குக் காணலாம்.

கூடுதலாகத் தைத்ததை அயல்நாட்டுக்கு அனுப்பிவிடலாகாதோ எனின், அதற்கும் வரம்பு உண்டு. பன்னாட்டு வணிக மன்றம் 2007 முதல் நடைமுறைப்படுத்திய வங்கிக் கடன்சான்று விதிகளில் 30-ஆம் விதி இது பற்றியது. நிறையாலோ நீளத்தாலோ அளக்கும் சரக்கு, கடன்சான்றின் தொகையைக் கடவாதவாறு, நூற்றுக்கு 5 கூடவோ குறையவோ இருக்கலாம். உருப்படி எண்ணிக்கை குறித்த சரக்குக்கு அவ்விசைவு இல்லை. எனவே துணி சிறிது மிகலாம். சட்டை ஒன்றும் மிகலாகாது, வேறு உடன்பாடு இருந்தாலன்றி. இது கண்டு யாம் வியந்திலோம். சோழர்காலக் கல்வெட்டுக்களில் நிலத்திற்கு நான்கெல்லை கூறியபின் 'மிகுதிக்குறைவு உள்ளடங்க' என்னும் பொருள்படும் தொடர் வருதலைக் கல்வெட்டுப் பயில்வோர் அறிவர். எல்லை உறுதியானது, ஆதலின் அளவில் நேரும் மிகையும் குறையும் அதனுள் அடங்கும் என்பது அதன் கருத்து. எல்லையும் அளவும் வேறென்பதை ஊர்ச்சபையார் வள்ளுவரைப் போன்றே உணர்ந்திருந்தனர்.

இதே வட்டாரத்தில் வேறொரு கடத்தலும் நிகழ்ந்தது. சாயப்பட்டறைக் கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்னும் வரம்புக்குள் இருத்தல்வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு விதி. அவ்வரம்பைக் கடந்த கழிவு நொய்யலிற் கலந்தது. 1992-இல் பாசனத்திற்கென அமைந்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவு தேங்கும் இடமாயிற்று. நொய்யல் பாசன உழவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது; உச்சநீதிமன்றம் 2009-இல் கழிவு வெளியேற்றமே கூடாதென்பதை உறுதிசெய்தது; ஆணை நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் பணித்தது. இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் வழங்கும் வினை மீறுதல். தாண்டுதலும் விஞ்சுதலும் இங்கு அருகியே வரும்.

ஏற்றுமதி இலக்கை விஞ்சியது. கழிவு வரம்பை மீறியது. இரண்டும் செம்மையான தமிழே. ஆயின் இவை இரண்டும் ஒரே ஓட்டத்தின் இரு விளைவு என்பதைச் சொல்ல இவ்வினைகள் இடந்தருவதில்லை. விஞ்சியது பாராட்டுக்குரியோர் செயலாகவும் மீறியது குற்றவாளிகள் செயலாகவும் பிரிந்துபோகின்றன. அவற்றுள் பெரும்பகுதி ஒரே சாயத்தொட்டியிலிருந்து புறப்பட்டவை. துணி மிக, நீரும் மிகும். பழியும் புகழும் கலவாது, நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமையை மட்டும் சுட்டும் வினை நமக்கு வேண்டப்படுவது இங்கேதான். மீறுதல் குற்றஞ்சாட்டும் சொல். அறிவியலுக்குரிய சொல் அன்று.

நிலத்தடிநீர்ப் பகுப்பில் வழங்கும் 'அதிநுகர்வு' என்னும் சொல் அளவை மட்டும் கூறி, எல்லையைக் கூறாது விடுகின்றது. பயன்மிக்கதே, எனினும் அது பீலி ஏற்றிய வண்டிக்கு உரியது, கிளைநுனிக்கு உரியதன்று. எனவே சூழலியலில் 'அளவிறத்தல்' என்னும் தொடரைக் கலைச்சொல்லாக்கலாம் என்பது எம் கருத்து. அளவிறந்த என்னும் அடை வழக்கில் இருத்தலின் பொருள் விளங்கும். வினையாக்கின் 'நுகர்வு அளவிறந்தது' என எளிதில் அமையும். இறத்தலின் சாவுப்பொருள் தடையாகும் என்பார்க்கு, கேட்டன் கூறிய வீழ்ச்சியை நோக்கின் அச்சாயல் ஈண்டு இழுக்கன்று எனலாம். 2024-இல் ஆகஸ்டு 1 என வரையறுக்கப்பட்ட, புவி ஓராண்டில் ஈந்து புதுப்பிக்கக்கூடியவற்றை மாந்தர் நுகர்ந்து முடிக்கும் நாளைப் 'புவி அளவிறக்கும் நாள்' என்று வழங்கலாம்.

வானூர்திக்கு இது பொருந்தாது. ஓடுபாதையின் முடிவைக் கடந்தோடுதலுக்குத் தாண்டலே தக்கது. நாளிதழ்களில் அதனை ஓடுபாதையை விட்டு விலகியது எனச் சிலகால் எழுதுகின்றனர். விலகுதல் பக்கவாட்டில் நிகழ்வது. கோழிக்கோட்டில் 2020 ஆகஸ்டு 7-ஆம் நாள் விபத்துக்குள்ளான விமானம் பாதையின் இறுதியைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. பொருளியலுக்கோ, மீண்டு அடங்குதல் இன்றியமையாக் கூறாதலின், 'மிகைந்து மீளல்' போன்ற தொடரே வேண்டப்படும். அளவிறத்தல் அங்கு மிகைபடக் கூறலாகும்.