மூச்சை எண்ணிய கதை

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ தங்கச்சி பையனுக்கு நல்ல இருமல். ஒன்றரை வயசு. திருக்கனூர் பக்கத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிட்டுப் போனோம். சின்ன வயசு டாக்டரம்மா. பையனோட சட்டையைக் கழட்டச் சொல்லிட்டு, வாட்சைப் பார்த்துக்கிட்டே முழுசா ஒரு நிமிஷம் அவன் நெஞ்சையும் வயித்தையும் கவனிச்சாங்க. "36தான். நெஞ்சும் குழி விழல. நிமோனியா இல்லைங்க, ஆன்டிபயாட்டிக் வேணாம்"னு அனுப்பிட்டாங்க. இந்த வித்தை எங்கேருந்து வந்ததுன்னு தேடினா, கதை நம்ம வேலூர்ல போய் நிக்குது!

எக்ஸ்ரே இல்லாத கிராமத்துல நிமோனியாவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பப்புவா நியூ கினியில ஃபிராங்க் ஷான் குழுவினர், மூச்சு நிமிஷத்துக்கு 50க்கு மேல போனா சந்தேகப்படலாம்னு 1984ல எழுதினாங்க. வேலூர் சிஎம்சியில தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் குழுவினர் நம்ம குழந்தைகளைச் சோதிச்சு, ஒரு வயசுக்குள்ள 50, அதைத் தாண்டினா 40னு 1988ல லான்செட் இதழ்ல எழுதினாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டியிலயும் இதே 50, 40தான் இருக்கு. (ரெண்டு மாசத்துக்குள்ள இருந்தா 60.)

எண்ணிக்கையைப் புத்தகத்துல அச்சடிச்சுடலாம். நெஞ்சு குழி விழறதை? மூச்சை இழுக்கும்போது விலாவோட அடிப்பக்கம் உள்ளே போகணும். அசையாத போட்டோவுல மூச்சு உள்ளே போகுதா வெளியே வருதான்னே தெரியாது. அதனாலதான் 1990கள்ல குழந்தை நோய்களுக்கான ஒருங்கிணைந்த பயிற்சி வந்தப்போ வீடியோவும் கூடவே வந்துச்சு. திரையில குழந்தை மூச்சு விடும், டாக்டர்கள் எண்ணிச் சொல்லணும். ஆனா 11 நாள் பயிற்சி. செலவும் ஜாஸ்தி, டாக்டர் அத்தனை நாள் ஊர்ல இருக்கவும் மாட்டார். அதனால 2000கள்ல உலக சுகாதார நிறுவனமும் நோவார்ட்டிஸ் அறக்கட்டளையும் அதையே கம்ப்யூட்டர்ல படிக்கிற மாதிரி 'ஐகேட்' மென்பொருளா ஆக்கினாங்க. இந்தியா தன் பயிற்சியில, பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத சிசுக்களையும் சேர்த்துக்கிச்சு.

கம்ப்யூட்டர் மட்டும் போதாது, நிஜக் குழந்தையையும் பார்க்கணும். ஆனா எதைப் பார்க்கணும்னு கண்ணுக்குப் பழக்கறது அந்தத் திரைதான்.

வீட்டுக்கு வந்து ஆயாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "உங்க பெரியப்பன் ஒருத்தன் இருந்தான்டா. எட்டு மாசம். இப்படித்தான் நெஞ்சு குழி விழுந்து விழுந்து எழுந்துச்சு. வெறும் சளின்னுட்டாரு டாக்டரு"ன்னுச்சு.

ஆயா கண்ணுல பட்டது அந்த டாக்டர் கண்ணுல படல. அவருக்கு யாரும் காட்டிக் கொடுத்திருக்க மாட்டாங்க.

வீட்ல குழந்தைக்கு இருமல்னா, அது அழாம அமைதியா இருக்கிறப்போ ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்க. கணக்கு எகிறினாலோ நெஞ்சு குழி விழுந்தாலோ உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.